கேவண்டிஷ் என்கிற பெயர்

முப்பத்து நான்கு வருஷம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் ஈர்ப்பு விசைப் பாடத்தில் கேவண்டிஷ் வருவார். இரண்டு பெரிய ஈயக் குண்டுகள், இரண்டு சின்னக் குண்டுகள், நடுவில் ஒரு மெல்லிய கம்பி. கரும்பலகையில் படம் போட்டுவிட்டு, இவர்தான் பூமியை எடை போட்டவர் என்று சொல்வேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பெயர் ஒரே ஒரு ஆளுடையது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வர்ஜீனியா வுல்ஃபின் கட்டுரைத் தொகுதி ஒன்று நூலகத்தில் கிடைத்தது. 1925-ல் வெளிவந்த புத்தகம். அதில் நியூகாஸில் சீமாட்டி ஒருத்தியைப் பற்றி ஒரு கட்டுரை. அவள் பெயர் மார்கரெட் கேவண்டிஷ். பௌதிகக்காரரின் பாட்டியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, குடும்பத்தின் இன்னொரு கிளை. பிறகு தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அந்தப் பெயரில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தலை வெட்டப்பட்ட நீதிபதி, உலகைச் சுற்றிய கப்பல்காரர், டப்ளின் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்ட மந்திரி, கடைசியாக ஒரு வாழைப்பழம்.

இதையெல்லாம் தேடியதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் அப்பா தன் பெயரின் வாலை வெட்டியவர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் போட்டது. அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். தீர்மானம் அவரை வந்தடையப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் பட்டத்தை எடுத்துவிட்டார். தாத்தா அதன் பிறகு சில மாதங்கள் அவரோடு பேசவில்லையாம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பெயரிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் அது போய்விடும் என்று நம்பி வளர்ந்தவன். எதையுமே எடுக்காமல் ஆறு நூற்றாண்டு ஒரே பெயரைத் தூக்கிச் சுமந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தபோது, அந்தப் பெயருக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

கேவண்டிஷ் முதலில் ஒரு ஊரின் பெயர். இங்கிலாந்தின் கிழக்கே ஸஃபோக்கில் இருக்கிற கிராமம். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டவர்களில் சரித்திரம் முதலில் நினைவில் வைத்திருப்பது ஸர் ஜான் கேவண்டிஷ் என்ற தலைமை நீதிபதியை. கொள்ளைநோயில் பாதி ஜனம் செத்துப்போன பிறகு கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை; கூலி ஏறியது. ஏறக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை ஸஃபோக் பக்கத்தில் அமல் செய்தவர்களில் இவர் ஒருவர். 1381 ஜூனில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது அவரைத் துரத்திப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். தலை பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது. பெயர் சரித்திரத்தில் இப்படித்தான் நுழைகிறது, நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற தகராறில்.

அதற்குப் பிறகு நூற்றைம்பது வருஷம் கழித்து இரண்டு சகோதரர்கள். மூத்தவர் ஜார்ஜ். எட்டாம் ஹென்றியின் மந்திரியாக இருந்த கார்டினல் வுல்ஸியிடம் அணுக்கப் பணியாளராக இருந்தார். வுல்ஸி வானளாவ இருந்தபோதும் கூட இருந்தார். ராஜாவின் கோபத்துக்கு ஆளாகி, 1530-ல் கைதியாக லண்டனுக்குப் போகிற வழியில் லெஸ்டரில் சாகும்போதும் கூட இருந்தார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். இருபத்தைந்து வருஷம் கழித்து, தான் பார்த்ததை உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலத்தின் ஆரம்பகால வாழ்க்கை வரலாறுகளில் முக்கியமானது அது. அவர் உயிரோடிருந்தவரை அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகவே சுற்றியது. 1641-ல்தான் அச்சேறியது, அதுவும் சிதைந்த வடிவில்.

தம்பி வில்லியம் வேறு மாதிரி. ஹென்றி மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தபோது அந்தக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் உத்தியோகம். மடத்து நிலத்தில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1547-ல் ஹார்ட்விக் ஊர் எலிஸபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு அது நான்கு கல்யாணங்களில் இரண்டாவது. அந்த அம்மாள் சொன்னபடி, இருந்ததை விற்று அவளுடைய ஊர்ப் பக்கமாக டெர்பிஷயரில் நிலம் வாங்கினார். 1549-ல் சாட்ஸ்வர்த் 600 பவுனுக்கு வாங்கப்பட்டது. 1557-ல் அரசாங்கக் கணக்கில் ஐயாயிரம் பவுனுக்கு மேல் துண்டு விழுகிறது என்று கேள்வி வந்தது. அதே வருஷம் செத்துப்போனார். அவருடைய பிள்ளைகளின் வழியில்தான் டெவன்ஷயர் பிரபுக்களும் நியூகாஸில் பிரபுக்களும் வந்தார்கள். சாட்ஸ்வர்த் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் வசம்தான் இருக்கிறது.

ஜார்ஜுக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் எழுதிய புத்தகத்தை வெகுகாலம் தம்பி எழுதியது என்றே எல்லோரும் நம்பினார்கள். கேவண்டிஷ் என்றால் பெரிய வீட்டுக் கேவண்டிஷாகத்தானே இருக்கவேண்டும். ஜோஸஃப் ஹன்டர் என்பவர் 1814-ல் ஒரு சிறுபிரசுரம் எழுதி, ஆசிரியர் ஜார்ஜ்தான் என்று நிரூபித்தார். அதுவரை, நிலம் வைத்திருந்த தம்பியிடமே அண்ணன் எழுதிய எழுத்தும் இருந்தது.

மார்கரெட்டுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. பிறந்த வீட்டில் அவள் மார்கரெட் லூக்காஸ், கோல்செஸ்டர்காரி. உள்நாட்டுப் போரில் ராணியோடு பாரீஸுக்கு ஓடியவள். அங்கே 1645-ல் தன்னைவிட முப்பது வயது மூத்த வில்லியம் கேவண்டிஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1653-ல் தன் பெயரைப் போட்டுக் கவிதைப் புத்தகம் வெளியிட்டாள். அந்தக் காலத்துப் பிரபு வீட்டுப் பெண் செய்யக்கூடாத காரியம் அது. பிறகு தத்துவம், நாடகம், கடிதம், 1666-ல் வேறொரு உலகத்தைப் பற்றிய கற்பனைக் கதை என்று எழுதித் தள்ளினாள். பைத்தியம் என்றார்கள். 1667 மே மாதம் ராயல் சொஸைட்டிக்குப் போய்ச் சோதனைகளைப் பார்த்தாள். அங்கே அப்படிப் போன முதல் பெண் அவள். காற்றை எடை போட்டுக் காட்டினார்கள். பெண்களை அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொள்ள அந்தச் சபைக்கு 1945 வரை ஆயிற்று.

1656-ல் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதினாள். அதன் கடைசியில், இதை எதற்காக எழுதினேன் என்று காரணம் சொல்கிறாள். நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய இரண்டாவது மனைவி. என் கணவர் இரண்டு முறை கல்யாணம் செய்தவர், நான் செத்தால் மூன்றாவதும் செய்துகொள்ளலாம். பின்னால் வருகிறவர்கள் யார் எவள் என்று குழப்பிக்கொண்டுவிடுவார்கள். அதனால் எழுதிவைக்கிறேன் என்கிறாள். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. கணவன் கொடுத்த பெயர் தன்னை விழுங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அச்சகத்தில் ஏறியிருக்கவும் முடியாது என்பதும் தெரிந்திருக்கும்.

இனி என் பாடப்புத்தக ஆள். ஹென்றி கேவண்டிஷ் 1731-ல் நீஸ் நகரில் பிறந்தார். இரண்டாம் டெவன்ஷயர் பிரபுவின் பேரன். கேம்பிரிட்ஜில் படித்து, பட்டம் வாங்காமல் 1753-ல் வெளியே வந்தார். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக 1766-ல் விவரித்தவர். 1784-ல் தண்ணீர் என்பது மூலப்பொருள் அல்ல என்று காட்டும் சோதனைகளைப் பிரசுரித்தார். அதே 1784-ல், குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஜார்ஜியானா கேவண்டிஷ் வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் ஃபாக்ஸுக்காகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்திரிகைக் கேலிச் சித்திரங்கள் அவளைக் கிழித்தன. ஊரெல்லாம் பேசிய கேவண்டிஷ் அவள்தான். ஹென்றி யாரிடமும் பேசமாட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டுமென்று துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிடுவார். வேலைக்காரப் பெண்கள் கண்ணில் படக்கூடாது.

பூமியை எடை போட்டது 1797-98-ல், தென் லண்டனில் கிளாபம் வீட்டில். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. கருவியை யோசித்தவர் ஜான் மிச்செல் என்ற பாதிரியார். சோதிப்பதற்குள் 1793-ல் இறந்துவிட்டார். ஈயக் குண்டு ஒவ்வொன்றும் 12 அங்குல விட்டம், சுமார் 158 கிலோ. அறையில் ஆள் இருந்தால் உடம்புச் சூட்டில் காற்று அசைந்து கம்பியைத் திருப்பிவிடும். ஆகவே அறையைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாக உள்ளே பார்த்தார். மனிதர்களை அறைக்கு வெளியே வைத்துப் பழகியவர், இங்கே தன்னையே வெளியே வைத்துக்கொண்டார். பூமி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு அடர்த்தி என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 5.51. ஈர்ப்பு மாறிலியைக் கண்டுபிடித்தவர் என்று நாங்கள் பாடத்தில் சொல்வது முழுக்கச் சரியில்லை. அவர் கட்டுரையில் அந்த மாறிலியே கிடையாது. பின்னால் வந்தவர்கள் அவருடைய எண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது.

மின்சாரத்தில் அவர் செய்ததில் பெரும்பகுதியை வெளியிடவே இல்லை. கூலூம், ஓம் ஆகியோர் பெயரில் நாம் படிக்கிற விதிகள் இரண்டையும் அவர் முன்னாலேயே எட்டியிருந்தார். மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாததால் தன் உடம்பில் பாயவிட்டு, அதிர்ச்சி எவ்வளவு என்று குறித்துக்கொண்டார். காகிதங்கள் அப்படியே கிடந்தன. மாக்ஸ்வெல் தன் கடைசி வருஷங்களை அவற்றுக்குக் கொடுத்து, 1879-ல் பதிப்பித்துவிட்டு, சில வாரங்களில் இறந்தார்.

வகுப்பில் இந்த மனிதரை ஒரு துறவி மாதிரி சித்திரித்துவந்தேன். பட்டம் வேண்டாம், புகழ் வேண்டாம், பழைய மோஸ்தர் சட்டை ஒன்றே போதும் என்று இருந்தவர். பையன்களுக்கும் பிடிக்கும். ஆனால் 1810-ல் அவர் சாகும்போது பத்து லட்சம் பவுனுக்கு மேல் விட்டுப்போனார். இங்கிலாந்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். சம்பளத்துக்கு ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. 158 கிலோ ஈயக் குண்டும், அதற்கென்று ஒரு தனி அறையும், கேள்வி கேட்க யாருமில்லாத ஐம்பது வருஷமும் எங்கிருந்து வந்தன என்று நான் வகுப்பில் கேட்டதே இல்லை. அவர் பெயரிலிருந்து விலகிப்போனார். பெயர் கொண்டுவந்தது அவரோடு வந்தது.

இதைக் கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். 1966-ல் என் படிப்புக்கும் அக்கா கல்யாணத்துக்குமாக அப்பா அரை வேலி நஞ்சையை விற்றார். பத்திரப் பதிவு ஆபீஸுக்கு நானும் கூடப் போயிருந்தேன். பத்திரம் எழுதுகிறவர் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தார்.

“பட்டா தாத்தா பேர்ல, பட்டத்தோட இருக்கு. உங்க பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுலயும் பட்டத்தோட இருக்கு. ‘என்கிற’ போட்டு ரெண்டு பேரையும் எழுதிடறேன் சார்.”

“அந்தப் பேர் இப்ப எனக்கு இல்லையே” என்றார் அப்பா.

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம் சார். நிலத்துக்கு இருக்கே.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தொழில் விஷயமாகச் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ‘என்கிற’வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பெயர்களுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில், அந்த நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வந்தவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வாலும் இல்லை, இனிஷியலும் இல்லை. ஒற்றைப் பெயர்தான். “ஐயா, இந்தப் போகத்தை அறுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டார். “வாங்கறவர்கிட்ட சொல்லியிருக்கேன், அறுத்துக்க” என்றார் அப்பா. அவர் அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுப் பழகியிருந்தேன். பட்டத்தை எடுத்த கதையில் இந்த இடம் வராது.

கேவண்டிஷ் கதையில் நிலம் திரும்ப வருவது 1882-ல். கேம்பிரிட்ஜில் 1874-ல் திறந்த கேவண்டிஷ் பரிசோதனைக்கூடம் ஏழாம் டெவன்ஷயர் பிரபு 6,300 பவுன் கொடுத்ததால் வந்தது. எலக்ட்ரான் அங்கே 1897-ல் கிடைத்தது, நியூட்ரான் 1932-ல். டிஎன்ஏயின் வடிவத்தை 1953-ல் கண்டுபிடித்தவர்கள் வேலை செய்ததும் அங்கேதான். அந்தப் பிரபுவுக்கு அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டையும் பெரும் பண்ணையும் இருந்தன. அயர்லாந்தில் அப்போது குத்தகைக்காரர்களுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் போராட்டம் உச்சத்தில் இருந்தது. பிரபுவின் இரண்டாவது மகன் ஃபிரெடரிக் கேவண்டிஷ் அயர்லாந்து விவகாரங்களுக்கு மந்திரியாக 1882 மே 6 அன்று டப்ளின் வந்து சேர்ந்தார். அன்று மாலையே ஃபீனிக்ஸ் பூங்காவில், அலுவலகத்தின் நிரந்தர அதிகாரி பர்க்கோடு நடந்துகொண்டிருந்தபோது, இருவரையும் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வந்தவர்களின் குறி பர்க்தான். கூட இருந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. 1381-ல் கேவண்டிஷைக் கொன்றவர்களுக்கு அவர் யாரென்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஐந்நூறு வருஷம் கழித்து அதே பெயர், அதே மண் தகராறு. பெயரைக் கேட்கக்கூட யாரும் நிற்கவில்லை. ஃபிரெடரிக் நல்ல மனிதர், சமாதானம் செய்யத்தான் வந்தார் என்கிறார்கள். இருக்கலாம். அவர் கழற்றிவைக்க முடியாத ஒன்றை மேலே போட்டுக்கொண்டு அந்தப் பூங்காவில் நடந்தார்.

வாழைப்பழம் பாக்கி இருக்கிறது. ஆறாம் டெவன்ஷயர் பிரபுவுக்குத் தோட்டத்தில் பிரியம். அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோஸஃப் பாக்ஸ்டன். பின்னால் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டியவர். சீனாவில் தோன்றி மொரீஷியஸ் தீவு வழியாக வந்த ஒரு குட்டை வாழையைச் சாட்ஸ்வர்த்தில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். 1835-ல் பூத்தது. எஜமானரின் பெயரை அதற்கு வைத்தார். அங்கிருந்து ஒரு பாதிரியார் கன்று வாங்கிக்கொண்டு ஸமோவாவுக்குப் போனார். பசிபிக் தீவுகளில் அது பரவியது. அதுவரை ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷல் என்ற ரகத்தை வாடல் நோய் அழித்த பிறகு, 1950-களிலிருந்து உலகச் சந்தையின் வாழைப்பழம் என்றால் கேவண்டிஷ்தான். வாழைக்கு விதை இல்லை. ஒவ்வொரு கன்றும் தாயின் துண்டு. வாழையடி வாழையாக என்று நாம் கல்யாணத்தில் வாழ்த்துவதை இந்தக் குடும்பத்தைவிட இந்தச் செடி ஒழுங்காகச் செய்திருக்கிறது. எல்லாம் ஒன்றேயாக இருப்பதால் நோய் வந்தால் எல்லாம் போகும். வாடல் நோயின் புதிய ரகம் 2019-ல் கொலம்பியாவையும் எட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் குட்டை வாழையைக் கேவண்டிஷ் என்று கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். மோரீஸ் என்பார்கள், மொரீஷியஸ் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. பிரபுவின் பெயர் உதிர்ந்து, கன்று நின்ற தீவின் பெயர் தங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பச்சைப்பழம் என்றும் சொல்வதுண்டு.

விற்ற நிலத்தின் வாய்க்கால் கரையில் மோரீஸ் வாழைக் கொல்லை ஒன்று இருந்தது. வாரத்துக்காரர் வைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு தார் எங்கள் வீட்டுக்கு வரும். நிலம் கைமாறிய மறு பொங்கலுக்கும் ஒரு தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “இனிமே எதுக்கு இதெல்லாம்” என்றார் அப்பா. “கொல்லையை அழிக்கச் சொல்லிட்டாங்க. கடைசித் தாருங்க” என்று சொல்லித் திண்ணையில் இறக்கிவைத்தார். அம்மா அவருக்குத் திண்ணைக்குக் கீழே இலை போட்டாள். வாலில்லாத வீடு அது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கேவண்டிஷ்கள் எல்லோரையும் வரிசையாகச் சொல்ல எனக்கு இப்போது முடியும். பெயர், பிறந்த வருஷம், தகப்பன் பெயர், கிளை எல்லாம். பத்திரத்தின் நகல் பெட்டியில் இருக்கிறது. அப்பாவின் இரண்டு பெயர்களும் அதில் இருக்கின்றன. நான்கெல்லையில் வடக்கே வாய்க்கால் என்று இருக்கிறது. கரையில் வாழை வைத்தவர் பெயர் இல்லை.